ஒன்பதாம் எண் பாத்திரத்துக்குப் பத்துக்குப் பத்து

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவோடு எழுதிக்கொள்வது.

பொருள்: உங்கள் தங்கையைத் திருப்பி அனுப்பக் கோருதல் – தொடர்பாக.

இவ்விடம் நலம், அவ்விடம் நலமறிய ஆவல் என்று எழுதிவிட்டு, முதல் பாதியை அடித்திருக்கிறேன், பார்த்திருப்பீர்கள். இவ்விடம் நலம் இல்லை. வீட்டில் நான் ஒருவன்தான் இருக்கிறேன், எனக்குப் பல் வலி, கேஸ் அடுப்பின் ஒரு பர்னர் எரிய மாட்டேன் என்கிறது. உங்களுக்குப் போன் செய்தால் எடுத்த எடுப்பில் “அவ குளிச்சிட்டு இருக்கா மாப்பிள்ளை” என்கிறீர்கள். ஒன்பது நாளாகவா மச்சான் ஒருத்தி குளிப்பாள்? போகட்டும், அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. உங்கள் தங்கை உங்களிடம் என்ன சொல்லியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு, என் பக்கம் ஒரு கடுகளவு தப்பு இருந்தாலும் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் குடியிருப்பில் பதினான்கு வீடு. மாதத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் கீழே உள்ள கூடத்தில் கூட்டுச் சாப்பாடு. சோறு சங்கத்துப் பொறுப்பு, வீட்டுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுவர வேண்டும், அது வீட்டிலேயே சமைத்ததாக இருக்க வேண்டும், கடையில் வாங்கியது கூடாது. “நாமெல்லாம் ஒரே குடும்பம்” என்று சங்கச் செயலாளர் மைக்கைப் பிடித்துச் சொல்லி முடித்ததும் சாப்பாடு தொடங்கும். ஒரே குடும்பத்து லட்சணத்தைக் கேளுங்கள். ஒரு பாத்திரத்தின் மூடியைத் திறக்கிறார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை, “இது யார் வீட்டுது?” என்றுதான் கேட்கிறார்கள். பல் டாக்டர் வீட்டுது என்றால் “ஆஹா, வாசனையே தூக்குதே” என்று கரண்டி உள்ளே போகிறது. லிஃப்ட் மெக்கானிக் வீட்டுது என்றால் “எனக்கு ரெண்டு நாளா வயிறு சரியில்லை” என்று மூடி மறுபடி விழுகிறது. வயிறு சரியில்லாத அதே ஆள் அடுத்த நிமிஷம் டாக்டரின் சம்சாரம் டாக்டரம்மாவின் பாத்திரத்தில் நாலாவது முறை கரண்டி போடுகிறார், அங்கே மட்டும் வயிறு சரியாகிவிடுகிறது. லிஃப்ட் மெக்கானிக்கின் சம்சாரம் கொண்டுவந்ததை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு போவதை மாதாமாதம் பார்த்திருக்கிறேன். பார்த்துக்கொண்டு சும்மாதான் இருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இது ஒரு பக்கம் என்றால், மானப் பிரச்சினை இன்னொரு பக்கம். சாப்பாடு முடிந்ததும் எந்தப் பாத்திரம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று எல்லாப் பெண்களும் எட்டி எட்டிப் பார்ப்பார்கள். காலியான பாத்திரக்காரி அடுத்த ஒரு மாதம் லிஃப்டில் நிமிர்ந்து நிற்பாள். மிச்சம் உள்ளவள் மாடிப்படியில் போவாள். அதனால் என்ன ஆயிற்று என்றால், ஒவ்வொரு புருஷனும் தன் வீட்டுப் பாத்திரத்தைத் தானே இறக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். மாடி வீட்டு எஞ்சினியர் தன் வீட்டுக் கூட்டையே மூன்று தடவை போட்டுக்கொண்டு, “யார் பண்ணினது, ரொம்பப் பிரமாதம்” என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்வார். அவர் சம்சாரம் வெட்கப்பட்டுத் தலை குனிவாள். பதினான்கு குடும்பம் ஒரே கூடத்தில் கூடி உட்கார்ந்து அவரவர் வீட்டுச் சாப்பாட்டை அவரவர் சாப்பிட்டுவிட்டுப் போவதற்குப் பெயர் பகிர்ந்து உண்ணுதலாம், தலையில்தான் அடித்துக்கொள்ள வேண்டும். எனக்கும் அந்த உத்தரவு உண்டு. ஆனால் போன மாதம் செயலாளரோடு தண்ணீர்த் தொட்டி விஷயமாகப் பேசிக்கொண்டு நின்றதில் மறந்து போய்விட்டேன். எங்கள் பாத்திரம் முக்கால்வாசி அப்படியே வீட்டுக்கு வந்தது. லிஃப்டில் வரும்போது “இன்னிக்கும் நம்ம பாத்திரம்தான் இறங்கல” என்று உங்கள் தங்கையிடம் ஒரு தகவலாகச் சொன்னேன்.

இந்தக் கண்றாவியை ஒழிக்க வேண்டும் என்று நினைத்தது குற்றமா மச்சான்? நான் இருபத்தொன்பது வருஷம் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் எண் ஒட்டும் பிரிவில் வேலை பார்த்தவன் என்பது உங்களுக்குத் தெரியும், பெண் கொடுக்கும்போது நீங்களே வந்து விசாரித்தீர்கள். எந்தக் கம்பெனிப் பொட்டலம் வந்தாலும் அதன் மேலுள்ள பெயரைக் கிழித்துவிட்டு எண்ணை ஒட்டி உள்ளே அனுப்புவதுதான் என் வேலை. சோதிக்கிறவனுக்கு அது யாருடையது என்று தெரியக் கூடாது, தெரிந்தால் நாக்கு பொய் சொல்லும். இதைச் சங்கக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னேன். ஒரே மாதிரிப் பதினான்கு எவர்சில்வர் பாத்திரம், மேலே எண் மட்டும். எந்த எண் எந்த வீடு என்று வாட்ச்மேன் சீட்டுக் குலுக்கி எழுதி, உறையில் போட்டு ஒட்டி, செயலாளர் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். சாப்பிட்டவர்கள் பாத்திரத்துக்கு ஒரு சீட்டில் பத்துக்கு இவ்வளவு என்று மார்க்கும் கருத்தும் பெயர் போடாமல் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். எல்லாரும் கை தட்டினார்கள், ஒவ்வொருவரும் தன் வீடுதான் முதலில் வரும் என்ற நினைப்பில்.

இதில் ஒரு சிக்கல் இருந்ததை நான்தான் கண்டுபிடித்தேன். ஒரு வீட்டில் பூசணிக்காய், இன்னொரு வீட்டில் முட்டை என்று வந்தால் எதை எதோடு ஒப்பிடுவது? சோதனை என்றால் பொருள் ஒன்றாக இருக்க வேண்டும். ஆகவே இந்த மாதம் பதினான்கு வீட்டிலும் கத்தரிக்காய்க் கறி என்று அறிவித்தேன். “பதினாலு கத்தரிக்காயா? சாப்பிடறதுக்கா, தண்டனைக்கா?” என்று டாக்டரம்மா கேட்டதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டிலும் கறாராக இருந்தேன். “நீ எப்படிப் பண்ணப் போறேன்னு எங்கிட்டச் சொல்லாதே, சோதனை கெட்டுப்போயிடும்” என்று உங்கள் தங்கையிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். “நான் சொன்னா மட்டும் உங்களுக்கு என்ன தெரியப் போகுது” என்றாள். ஞாயிறு காலை ஏழு மணிக்கே கூடத்துக்குப் போய் எண் ஒட்ட ஆரம்பித்துவிட்டேன், சமையலறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

மத்தியானம் மூடிகளைத் திறந்தபோது பார்க்க வேண்டுமே! புருஷன்மார் பதினான்கு பேரும் கையில் தட்டோடு கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவர்கள் மாதிரி மேஜையைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். எது தன் வீட்டுப் பாத்திரம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எஞ்சினியர் ஒவ்வொன்றாகக் குனிந்து மோந்து பார்க்கிறார். தூரத்தில் நின்ற அவர் சம்சாரம் புருவத்தாலேயே வழி காட்டப் பார்க்கிறாள், அந்த மனுஷனுக்குப் புரியவில்லை, திருதிருவென்று முழிக்கிறார். டாக்டரம்மா தன் பாத்திரத்தின் பிடியில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி வைத்திருந்தாள். நான் கத்தரிக்கோலோடு போய் அதை வெட்டினேன். இன்னொரு மூடியில் நகப்பூச்சு, அதைத் துணியால் துடைத்தேன். “என்ன சார், போலீஸ் வேலையா பார்க்கிறீங்க?” என்று யாரோ கேட்டார்கள். வேறு வழியில்லாமல் அன்றைக்குத்தான் எங்கள் குடியிருப்பில் எல்லாரும் எல்லாருடையதையும் சாப்பிட்டார்கள். அந்தப் பெருமை என்னைத்தான் சேரும். நாலாம் எண் பாத்திரம் கால் மணி நேரத்தில் காலி. எஞ்சினியர் அதை வழித்து வழித்துப் போட்டுக்கொண்டார், கரண்டி போய் பாத்திரத்தின் அடியில் டங்கென்று இடித்தது.

எனக்குப் பிடித்தது ஒன்பதாம் எண். அதை வாயில் வைத்ததும் நான் அசந்து போய்விட்டேன் மச்சான், பொய் சொல்லவில்லை. காரம், புளிப்பு, எண்ணெய் எல்லாம் அளந்து வைத்த மாதிரி. சீட்டை எடுத்து எழுதினேன். என்ன எழுதினேன் என்பதை மறைக்கவில்லை, வரிக்கு வரி தருகிறேன்: “எண் 9. பத்துக்குப் பத்து. முப்பத்தொரு ஆண்டு இல்லற வாழ்க்கையில் இப்படியொரு கத்தரிக்காய் என் தட்டில் விழுந்ததில்லை. இந்தக் கைக்குச் சொந்தக்காரியைக் கட்டியவர் கொடுத்துவைத்தவர்.” எழுதி முடித்ததும் கை சும்மா இருந்ததா? இருபத்தொன்பது வருஷப் பழக்கம், ஒரு கருத்து எழுதினால் கீழே கையெழுத்தும் தேதியும் போடாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. பெயர் போடக் கூடாது என்று விதி செய்தவனே பெயரைப் போட்டு, “எண் ஒட்டும் பிரிவு (ஓய்வு)” என்றும் போட்டுப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

செயலாளர் மைக்கில் சீட்டுகளைப் படித்தார். நாலாம் எண்ணுக்குத்தான் மொத்தத்தில் முதலிடம். உறையைப் பிரித்தால் அது லிஃப்ட் மெக்கானிக் வீடு. கூடத்தில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. எஞ்சினியர் மெதுவாக வயிற்றைத் தடவினார். “என்னமோ புரட்டற மாதிரி இருக்கு” என்றார். சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் நன்றாக இருந்த வயிறு, பெயரைக் கேட்டதும் கெட்டுப்போனது. எங்கள் பரிசோதனைக் கூடத்தில் இப்படி ஒரு விஷத்தை நாங்கள் கண்டுபிடித்ததே இல்லை. மெக்கானிக்கின் சம்சாரம் இருந்த இடத்தில் இருந்தே, “வயித்தைப் புரட்டினா நாலு மாடியும் படியேறிப் போங்க சார், சரியாயிடும். லிஃப்டை எங்க வீட்டுக்காரர் தொட்டிருக்காரே” என்றாள். டாக்டரம்மாவுக்குச் சராசரி மூன்று மார்க். நான் போட்ட மூன்று அல்ல, நான் இரண்டுதான் போட்டேன்.

அடுத்து ஒன்பதாம் எண்ணுக்கு நான் எழுதிய சீட்டு. கையெழுத்து, தேதி, பிரிவு எல்லாவற்றையும் சேர்த்து அந்த மனுஷன் ஏற்ற இறக்கத்தோடு படித்தார். கைதட்டல் காதைக் கிழித்தது. நான் எழுந்து நின்று கும்பிட்டேன். செயலாளர் உறைக்குள் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி உறைக்குள் பார்த்தார். “சார், ஒன்பது உங்க வீடுதான்” என்றார். மச்சான், அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று. “சொந்தப் பெண்டாட்டி சமையலே தெரியலையா சார் உங்களுக்கு?” என்று டாக்டரம்மா, மூன்று மார்க் வாங்கினவள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாள். எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகப் படவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. நடுநிலையோடு ருசி பார்த்து நான் தேர்ந்தெடுத்தது என் வீட்டுப் பாத்திரத்தை! இதைவிடப் பெரிய பாராட்டு எந்தப் பெண்ணுக்குக் கிடைத்திருக்கும்? திரும்பி உங்கள் தங்கையைப் பார்த்தால் அவள் சிரிக்கவில்லை, அழவுமில்லை. பாத்திரத்தைக்கூட எடுக்காமல் படியேறிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்தால் பெட்டியில் புடவை மடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள். “முப்பத்தொரு வருஷத்துல இப்படி ஒண்ணு உங்க தட்டுல விழுந்ததே இல்லையா?” என்றாள். “பாராட்டித்தானே எழுதினேன், பத்துக்குப் பத்து போட்டிருக்கேனே” என்றேன். “நீங்க எழுதினது உண்மைதான். அதனாலதான் போறேன்” என்றாள். இது என்ன நியாயம், நீங்களே சொல்லுங்கள். பொய் எழுதியிருந்தால் கோபப்படலாம். உண்மை என்று அவளே ஒப்புக்கொள்கிறாள், பிறகு எதற்குக் கோபம்? “இத்தனை வருஷம் நீ பண்ணினதைவிட இன்னிக்கு நல்லா இருந்துச்சுன்னு சொன்னா அது முன்னேற்றம்தானே” என்று எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். அப்போதுதான் பெட்டியைப் படாரென்று மூடினாள்.

ஒன்பது நாளாக நான் படும் பாட்டைக் கேட்க நாதியில்லை. கடைவாய்ப் பல் வீங்கிக் கிடக்கிறது. பல் டாக்டர் கீழ் வீட்டிலேயே இருக்கிறார், ஆனால் அவர் சம்சாரத்துக்கு இரண்டு மார்க் போட்டவன் அவர் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்து காட்டத் துணிவானா? ஊசி அவர் கையில் இருக்கிறது. சமைத்துக்கொள்ளலாம் என்றால் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. உங்கள் தங்கை ஒரு டப்பாவிலும் பெயர் எழுதி ஒட்டியதில்லை, எல்லாம் அவள் கைக்கு மட்டும் தெரியும். சர்க்கரை என்று நினைத்துக் காப்பியில் போட்டது உப்பு. லிஃப்ட் மெக்கானிக்கின் சம்சாரம்தான் இரண்டு நாள் சாப்பாடு கொடுத்தனுப்பினாள். தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, “அக்கா எப்ப வர்றாங்க? நீங்க போய்க் கூப்பிடலையா?” என்றாள். நான் ஏன் போக வேண்டும், தப்புச் செய்தவன்தானே போக வேண்டும் என்று அவளிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

ஆகவே மச்சான், நீங்கள் பெரியவர், நாலும் தெரிந்தவர். அவளை உட்கார வைத்து, நான் கொடுத்தது பத்துக்குப் பத்து, அதற்கு மேல் மார்க் கிடையாது என்பதை நிதானமாக விளக்குங்கள். அவளைப் பற்றி நான் ஒரு சொல் குறைவாகச் சொல்லவில்லை என்பதற்குப் பதினான்கு வீடு சாட்சி. புரிந்துகொண்டால் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவையுங்கள். வீட்டில் அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் பேரப்பிள்ளைகள் நன்றாகப் படித்து, என்னைப் போல் ஒழுங்குமுறையோடு வளர வேண்டும் என்று மனதார ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாப்பிள்ளை,
எண் ஒட்டும் பிரிவு (ஓய்வு)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. பின் தெருவில் மெஸ் நடத்துகிறவர். “அம்மா இல்லீங்களா? எங்க தூக்குவாளி ஒண்ணு இங்க இருக்கு, வாங்கிட்டுப் போக வந்தேன்” என்றார். எதற்கு எங்கள் வீட்டில் உங்கள் தூக்குவாளி என்று கேட்டேன். “அந்த ஞாயித்துக்கிழமை கத்தரிக்காய்க் கறி வாங்கினாங்களே. ‘என் கையால பண்ணினதை அங்க யாரும் தொடறதில்லை, எங்க வீட்டுக்காரர் உட்பட. இந்த மாசம் உங்க கை போகட்டும்’னு சொன்னாங்க” என்றார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதலில், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் நாக்கு தப்புச் சொல்லவில்லை என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். அது என் தட்டில் அதுவரை விழாததுதானே! அந்த நிமிஷம் போன பிறகுதான், மைக்கில் என் சீட்டு படிக்கப்பட்டபோது அவள் எப்படி நின்றுகொண்டிருந்தாள் என்பது நினைவுக்கு வந்தது. “எப்படி இருந்துச்சு சார்?” என்று மெஸ்காரர் ஆசையாகக் கேட்டார். “சுமார்தான்” என்று சொல்லித் தூக்குவாளியைக் கொடுத்து அனுப்பினேன். என் வாழ்க்கையில் ஒரு பொருளைப் பற்றி நான் சொன்ன முதல் பொய் அது.

அவர் போனதும் உட்கார்ந்து, உங்கள் தங்கை செய்கிற கத்தரிக்காய் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். அரை மணி நேரம் யோசித்தேன் மச்சான். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. முப்பத்தொரு வருஷம் சாப்பிட்டிருக்கிறேன். அவமானமாக இருக்கிறது.

மேலே எழுதியது எதையும் அவளிடம் காட்டாதீர்கள், விளக்கவும் வேண்டாம். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, நாளைக் காலை முதல் வண்டியில் நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். வாசலில் உங்கள் கையில் கொடுப்பேன், படித்ததும் கிழித்துவிடுங்கள். மெஸ் விஷயம் எனக்குத் தெரியும் என்று அவளிடம் மூச்சுவிடாதீர்கள், அவளாகச் சொன்னால் சொல்லட்டும். என்னைத் திட்டுவதாக இருந்தால் திட்டட்டும், கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரே ஒரு உபகாரம் மட்டும் நீங்கள் செய்ய வேண்டும். மத்தியானம் என்னைச் சாப்பிட உட்கார வைத்தால், தட்டில் இருப்பதில் எது அக்கா செய்தது, எது அவள் செய்தது என்று நான் வாயில் வைப்பதற்கு முன்னாலேயே என் காதில் சொல்லிவிடுங்கள்.